பிரியமான பைக்க விக்கப் போறீங்களா? பேர் மாத்துற வரைக்கும் கூட நில்லுங்க

ரொம்ப வருசம் ஓட்டுன பைக்க முதல்தடவையா விக்கப்போற ஆளுங்களுக்காக இத எழுதுதேன். முக்கியமா நம்ம திருநெல்வேலி, தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கம் இருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய், வீட்டுல வண்டி தார்ப்பாய்க்குள்ள நிக்குதேன்னு கவலப்படுதவங்களுக்கு.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். வண்டி மேல ஆச இல்லாதவங்க விக்கும்போது பெருசா பிரச்சன வராது, பேப்பர முடிச்சு துட்ட வாங்கிட்டு போயிருவாவ. ஆச வச்சிருக்கவங்கதான் மாட்டிக்கிடுதாவ. "எவன் கைக்கும் போயிரக்கூடாது, நல்லா பாத்துக்கிடுதவன்கிட்ட போகணும்"னு தேடி, ஒண்ணுவிட்ட மச்சான், தெருக்கார தம்பி, கூட வேல பாக்குதவர் தம்பின்னு யாராவது தெரிஞ்ச ஆளாப் பாத்து குடுப்பாவ. தெரிஞ்ச பையன்தானே, பேர மெதுவா மாத்திக்கிடட்டும்னு விட்டுருவாவ. அந்தப் பையன் ஒரு வருசம் ஓட்டிட்டு அவனுக்குத் தெரிஞ்ச இன்னொருத்தனுக்கு குடுப்பான். அவன் யாருன்னே உங்களுக்குத் தெரியாது, ஆனா ஆர்.சி.ல உங்க பேருதான் நிக்கும். ஹெல்மெட் போடாம ஒருத்தன் வண்ணார்பேட்டையில கேமராவுல விழுந்தா ஆயிரம் ரூவா சலான் உங்க ஃபோனுக்குத்தான் வரும்.

சலான் சின்ன விசயம். ஆக்சிடென்ட் ஆனாத்தான் பெரிய விசயம். மோட்டார் வாகனச் சட்டப்படி யாரு பேருல ரிஜிஸ்டர் ஆயிருக்கோ அவருதான் ஓனர். 2018-ல சுப்ரீம் கோர்ட் ஒரு கேஸ்ல இத தெளிவா சொல்லிட்டு. வண்டி பல கை மாறிப் போயிருக்கு, ஆனா ஆர்.சி.ல பழைய பேரே இருக்கு, ஆக்சிடென்ட் நடந்துருக்கு, நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு பேர் இருக்கவருக்குத்தான்னு சொல்லிட்டாங்க. "நான் வித்துட்டேன், இன்னார்கிட்ட எழுதி வாங்கிருக்கேன்"னு சொன்னாலும் பாதிக்கப்பட்டவங்க முன்னாடி அது செல்லாது. இன்சூரன்ஸும் முடிஞ்சு போயிருந்தா துட்டு உங்க கையில இருந்துதான் போவும். அதனால வண்டிய பிரியறதுன்னா சாவியக் குடுக்குத அன்னைக்கு முடிஞ்சிராது, ஆர்.சி.ல பேர் மாறுன அன்னைக்குத்தான் முடியும். கீழ சொல்லுத எல்லா வேலையும் அதுக்காகத்தான்.

விக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணுறது

நிக்க வண்டி கெடும். இது எல்லா மெக்கானிக்கும் சொல்லுதது, உண்மையும்கூட. பேட்டரி இறங்கிரும், டயர்ல ஒரே எடத்துல பாரம் நின்னு வெடிப்பு விடும், கார்புரேட்டருக்குள்ள நின்ன பெட்ரோல் காஞ்சு பிசினா ஒட்டி ஜெட்ட அடைச்சிரும். இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு, எத்தனால் ஈரத்த இழுக்கும், பாதி டேங்க் பெட்ரோலோட மாசக்கணக்குல நின்ன பழைய வண்டிக்கு டேங்க்குக்குள்ளயே துரு வச்சிரும். உவரி, கூடங்குளம், திசையன்விளை பக்கம் கடற்காத்து படுத வீடுன்னா இன்னும் சீக்கிரம். வருசத்துக்கு ரெண்டு தடவ லீவுல வந்து உதைச்சுப் பாக்கதுக்காக ஒரு வண்டிய வச்சிருக்கது அந்த வண்டிக்கு நல்லது இல்ல. வீட்டுல தம்பியோ அப்பாவோ வாரத்துக்கு ஒருநாளாவது கடைக்கு எடுத்துட்டுப் போவாவன்னா வச்சிருங்க, விக்கவே வேண்டாம். அப்படி யாரும் இல்லன்னா, ஓடுத நெலமையில இருக்கும்போதே குடுத்துருங்க, அதான் அதுக்கு மரியாத.

பதினஞ்சு வருசக் கணக்கையும் பாத்துக்கோங்க. பைக்குக்கு முதல் ஆர்.சி. 15 வருசம்தான், அதுக்கு மேல அஞ்சஞ்சு வருசமா புதுப்பிக்கணும், பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட வண்டியக் கொண்டுபோய்க் காட்டணும், பசுமை வரி கட்டணும், 2022 ஏப்ரல்ல இருந்து புதுப்பிக்க கட்டணமும் ஆயிரத்துக்கு ஏறிட்டு. தேதி முடிய ஒரு மாசம் ரெண்டு மாசம்தான் இருக்குன்னா புதுப்பிச்சுட்டு விக்கது நல்லது. எஃப்.சி. (ஓட்டத் தகுதிச் சான்று) முடியப்போற வண்டின்னா வாங்க வாரவங்க அதச் சொல்லியே பாதி வெலைக்கு கேப்பாவ. தேதி முடிஞ்சுபோன வண்டியா இருந்தா பேர் மாத்தவே விடாது, மொதல்ல புதுப்பிச்சே ஆகணும்.

கடைசியா ஒரு ஓட்டம்

இந்தக் கடைசி ஓட்டத்த எதுக்கு இவ்வளவு முன்னாடியே சொல்லுதேன்னா, பெரும்பாலும் எல்லாரும் இத அட்வான்ஸ் வாங்குன பெறகு செய்வாவ. அது சரி கிடையாது. ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டா அது பாதி அவரு வண்டி, அத எடுத்துட்டு பாபநாசத்துக்குப் போய் எங்கயாவது சாஞ்சிட்டா பேச்சு வரும். அதனால விக்கணும்னு முடிவு பண்ணுன ஒடனே, யார்கிட்டயும் சொல்லதுக்கு முன்னாடி ஒருநாள் காலம்பற எடுத்துட்டுப் போங்க. சேர்மாதேவி வழியா கல்லிடைக்குறிச்சி, அம்பை, பாபநாசம் போகலாம், இல்லன்னா சேர்மாதேவியில திரும்பி களக்காடு, திருக்குறுங்குடின்னு மலையோரமா ஏர்வாடி வரைக்கும் போகலாம், கார் நெல்லு வெளைஞ்சு நிக்க நேரம்னா அந்த ரோட்டுல வண்டி ஓட்டுத மாதிரி சொகம் வேற எங்கயும் கெடையாது. ஆனி ஆடியில மட்டும் பணகுடி தாண்டி காவல்கிணறு பக்கம் போயிராதீங்க, அங்க அடிக்க காத்து சின்ன வண்டிய பக்கவாட்டுல தள்ளும்.

இந்த ஓட்டத்துல இன்னொரு பிரயோசனம் இருக்கு. நமக்குப் பழகிப்போன குறை எல்லாம் அன்னைக்கு கவனிச்சுப் பாத்தா தெரியும். பிரேக் போடும்போது முன்னாடி ஃபோர்க் அளவுக்கு மீறி அமுங்குதா, ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கா, ஏத்தத்துல கிளட்ச் நழுவுதா, சூடானதுக்கு அப்புறம் நியூட்ரல் விழ மாட்டேங்குதா, ஐம்பதுக்கு மேல எங்கயோ ஒரு கடகட சத்தம் வருதா. எல்லாத்தையும் ஃபோன்ல குறிச்சு வச்சுக்கோங்க. இந்தக் குறிப்புதான் பெறகு வெல பேசும்போது உங்க கையில இருக்கப் போற சரக்கு.

பேப்பர் வேலை

வாங்க ஆள் தேடதுக்கு முன்னாடி பேப்பர் சுத்தமா இருக்கணும். ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று மூணும் வேணும். பி.எஸ்.4 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வரதுக்கு முந்தின வண்டிக்கு புகைச் சான்று ஆறு மாசம், பி.எஸ்.4-க்கும் அதுக்குப் பெறகு வந்த வண்டிக்கும் ஒரு வருசம்.

லோன்ல எடுத்த வண்டியா இருந்தா டியூ எல்லாம் கட்டி முடிச்சிருந்தாலும் ஆர்.சி.ல ஃபைனான்ஸ் பேரு அப்படியே இருக்கும், அது தானா போகாது. ஃபைனான்ஸ்ல என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லன்னு குடுக்குத கடிதம்) ஃபாரம் 35-உம் வாங்கி ஆர்.டி.ஓ.ல குடுத்து எச்.பி. (ஆர்.சி.ல இருக்க கடன் குறிப்பு) கேன்சல் பண்ணணும். பத்து வருசம் முன்னாடி கட்டி முடிச்சிட்டு என்.ஓ.சி.ய பீரோவுல வச்ச ஆளுங்க நெறய இருக்காவ. பழைய என்.ஓ.சி.ய எடுத்துட்டுப் போனா புதுசா வாங்கிட்டு வரச் சொல்லுவாவ, அந்தக் கம்பெனி கிளைய மூடிட்டுப் போயிருந்தா மதுரைக்கும் சென்னைக்கும் லெட்டர் போட்டுட்டு இருக்கணும், அதனால இத மொத வேலையா எடுங்க.

அடுத்தது ஃபோன் நம்பர். பரிவாஹன் சைட்டுல (ஆர்.டி.ஓ. வேலைக்கான அரசு வெப்சைட்) எது செஞ்சாலும் ஓ.டி.பி. ஆர்.சி.ல இருக்க நம்பருக்குத்தான் போகும். வண்டி எடுக்கும்போது ஷோரூம்ல குடுத்த நம்பர் இப்ப இருக்காது, சில பேருக்கு ஷோரூம்காரங்க நம்பரே கெடக்கும், மொதல்ல அத மாத்திக்கோங்க. இனிஷியல் பிரச்சனையும் நம்ம ஊர்ல நெறய வரும். ஆர்.சி.ல இனிஷியல் ஒரு எழுத்தா இருக்கும், ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கும், ஆன்லைன்ல ரெண்டும் ஒத்துப்போகலன்னு நிக்கும். அப்படி நின்னா நேர்ல ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போய் கேட்டுருங்க, வீட்டுல உக்காந்து பத்து தடவ அமுக்கிப் பாத்துப் பிரயோசனம் இல்ல.

சலான் பாக்கி இருக்கான்னு வண்டி நம்பர் போட்டு பாருங்க, இருந்தா கட்டிருங்க. ஆர்.சி. தொலைஞ்சு போயிருந்தா போலீஸ்ல தொலைஞ்சதுக்கு ரசீது வாங்கி ஃபாரம் 26 போட்டு டூப்ளிகேட் எடுக்கணும்.

அப்பா வண்டிய விக்கதுன்னா இன்னும் ஒரு படி இருக்கு. அப்பா காலமாயிட்டா அவரு பேருல இருக்க வண்டிய நேரா மூணாவது ஆளுக்கு விக்க முடியாது, மொதல்ல வாரிசு பேருக்கு மாத்தணும். இறந்த 30 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிக்கணும், மூணு மாசத்துக்குள்ள ஃபாரம் 31 குடுக்கணும், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுங்க சம்மதம் எல்லாம் கேப்பாவ. அந்த நேரத்துல யாருக்கு இதெல்லாம் தோணும், பெரும்பாலும் வருசம் ரெண்டு ஓடிப்போயிரும். லேட்டானாலும் இத முடிக்காம விக்காதீங்க. இன்னொண்ணு, 2021-ல இருந்து ஆர்.சி.ல நாமினி பேரு போடலாம். உங்க வீட்டுல வயசானவங்க பேருல வண்டி இருந்தா இப்பவே போட்டு வச்சிருங்க.

எவ்வளவு செலவு பண்ணி தயார் பண்ணணும்

கொஞ்சம்தான். ஆயில் மாத்துங்க, செயின் கழுவி இறுக்குங்க, பிரேக் ஷூ தேஞ்சிருந்தா மாத்துங்க, ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எரியணும், பேட்டரி செத்திருந்தா புதுசு போடுங்க, ஏன்னா செல்ஃப் எடுக்கலன்னா பாக்க வந்த ஆளு மனசுல எஞ்சினே போச்சுன்னு விழுந்துரும். அதுக்கு மேல பெயின்ட் அடிக்கது, எஞ்சின் இறக்கி வேல பாக்கதெல்லாம் போட்ட துட்டு திரும்ப வராது. பழைய பெயின்ட்ல ரெண்டு கீறலோட இருக்க வண்டிய வாங்குதவங்க நம்புவாவ, புதுசா பளபளன்னு பெயின்ட் அடிச்ச பழைய வண்டியப் பாத்தா எங்க விழுந்துதோன்னுதான் தேடுவாவ. சத்தமா இருக்க சைலன்சர் மாட்டிருந்தா கழட்டிட்டு கம்பெனி சைலன்சரப் போட்டுருங்க.

வாட்டர் வாஷ் விடும்போது கழுவுனதுக்கு அப்புறம் எஞ்சின்ல டீசல் அடிச்சு பளபளப்பா ஆக்கிக் குடுப்பாவ, அது வேண்டாம்னு சொல்லிருங்க. ஆயில் லீக்க மறைக்க அடிச்சதுன்னு தெரிஞ்ச ஆளுங்க நெனைப்பாவ, தெரியாத ஆளுங்க கூட்டிட்டு வாரதே ஒரு மெக்கானிக்கத்தான்.

வெல

உங்களுக்கு இருக்க ஆசைக்கு சந்தையில வெல கெடையாது, இத மனசுல ஏத்திக்கிடணும். காலேஜ்ல இருந்து ஓட்டுனது, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனது, முதல் பிள்ளைய ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்தது, இதெல்லாம் சேத்து ஒரு வெல சொன்னா மாசக்கணக்கா யாரும் வரமாட்டாவ. அதே வருசம் அதே மாடல் மூணு எடத்துல என்ன வெலைக்குப் போகுதுன்னு பாருங்க. ஓ.எல்.எக்ஸ்.ல போட்டிருக்கது கேக்குத வெல, குடுக்குத வெல கெடையாது, அதவிட குறைச்சுத்தான் முடியும். பாளையங்கோட்டையிலயோ ஜங்ஷன் பக்கமோ பழைய வண்டி வாங்கி விக்குத ரெண்டு கன்சல்டிங்ல போய் விக்கன்னு கேக்காம வாங்கன்னு கேட்டுப் பாருங்க, அப்புறம் விக்கன்னு கேட்டுப் பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல நிக்கதுதான் ஒங்க வெல.

சிங்கிள் ஓனர், எஞ்சின் கை வைக்காதது, சர்வீஸ் பில் இருக்கு, டி.என்.72 நம்பர்ங்கறதெல்லாம் வெலய ஏத்தும். பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், பேஷன் மாதிரி வண்டிக்கு ஸ்பேர் எந்த கிராமத்துலயும் கெடைக்கும், அதனால எவ்வளவு பழசானாலும் ஆள் வரும். கம்பெனியே நிறுத்திப்போட்ட மாடல்னா ஸ்பேர் தேடி அலையணும்னு வெல இறங்கும், அது உங்க வண்டியோட குத்தம் இல்ல.

காலமும் இருக்கு. ஆடியில யாரும் வண்டி எடுக்க மாட்டாவ, பாத்துட்டுப் போய் ஆவணி பொறக்கட்டும்பாவ. ஆயுத பூஜை, தீபாவளி நேரத்துல எல்லாரும் புதுவண்டி எடுத்து பழசத் தள்ளுவாவ, கன்சல்டிங்ல எடமே இருக்காது. ஆவணியும் தையும் நல்ல நேரம்னு எனக்குத் தோணுது.

யாருக்குக் குடுக்கது

இதுலதான் ஆச வச்சவங்க கொஞ்சம் மெனக்கெடணும். நாலு வழி இருக்கு. ஷோரூம் எக்சேஞ்ச், கன்சல்டிங், ஆன்லைன், தெரிஞ்ச ஆள் மூலமா.

எக்சேஞ்சும் கன்சல்டிங்கும் லேசு, போனோம் குடுத்தோம் வந்தோம்னு இருக்கும், வெல கொஞ்சம் கம்மி. ஆனா அங்க ஒரு ஆபத்து, ஃபாரம் 29, 30-ல (வித்ததச் சொல்லுத, பேர் மாத்தக் கேக்குத படிவங்க) வாங்குதவர் பேரு போடாம வெறுமன கையெழுத்து மட்டும் வாங்கி வச்சுக்கிடுவாவ. வண்டி எந்தக் கைக்குப் போகுதோ அன்னைக்கு அந்தப் பேர எழுதலாம்னு. அதுவரைக்கும் அது உங்க பேருலயே ரோட்டுல ஓடும். 2023 ஏப்ரல்ல இருந்து புது விதி இருக்கு, பழைய வண்டி வாங்கி விக்குத டீலர் ஆர்.டி.ஓ.ல அங்கீகாரம் வாங்கணும், உங்க வண்டிய எடுத்த ஒடனே ஃபாரம் 29சி மூலமா ஆன்லைன்ல தெரிவிக்கணும், அப்படித் தெரிவிச்சா அதுக்கு மேல வண்டிக்கு அந்த டீலர்தான் பொறுப்பு. அதனால கேளுங்க, "அண்ணாச்சி, அங்கீகாரம் இருக்கா, 29சி போட்டுத் தருவியளா?" ஆமான்னா குடுங்க. "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

ஆன்லைன்ல போட்டா நம்பர் பிளேட்ட மறைச்சு ஃபோட்டோ போடுங்க, ஆர்.சி. ஃபோட்டோவ யாருக்கும் அனுப்பாதீங்க. வண்டியவே பாக்காம ஒருத்தர் பேரம் பேசாம சம்மதிச்சு, மிலிட்டரியில இருக்கேன், கியூ.ஆர். அனுப்புதேன் ஸ்கேன் பண்ணுங்க துட்டு வந்துரும்னு சொன்னா கட் பண்ணிருங்க. துட்டு வாங்குததுக்கு யு.பி.ஐ. பின் போட வேண்டிய தேவையே கெடையாது.

என்னோட அபிப்பிராயம், உங்க வண்டிய வருசக்கணக்கா பாத்த மெக்கானிக்கிட்ட மொதல்ல சொல்லி வைங்க. வண்டியோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும், யாருக்கு என்ன வண்டி ஒத்துவரும்னும் தெரியும். என் ஸ்ப்ளெண்டர் அப்படித்தான் முக்கூடல் பக்கம் ஒரு எலக்ட்ரீசியன் தம்பிக்குப் போச்சு. தெனமும் வேலைக்கு எடுக்கப் போறவன், சொந்தக் காசுல வாங்குதவன், வண்டிய கழுவி வைப்பான். இன்னும் ரெண்டாயிரம் கூட தாரேன்னு வந்தவர் ஒருத்தர் இருந்தார், மகன் பத்தாம் வகுப்புப் படிக்கான், பழகதுக்குன்னு சொன்னார். லைசென்ஸ் வயசு வராத பிள்ளைக்கு வண்டி குடுக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன், இந்த விசயத்துல உறுதியா இருங்க.

பாக்க வரும்போது

எஞ்சின் ஆறிக் கெடக்கும்போது காட்டுங்க, முன்னாடியே ஓட்டி சூடாக்கி வச்சுட்டு காட்டாதீங்க. டிரையல் ஓட்டணும்னு சொன்னா லைசென்ஸ் கேளுங்க, அவரு வந்த வண்டிச் சாவிய வாங்கி வச்சுக்கோங்க, இல்லன்னா பின்னாடி ஏறி உக்காந்துக்கோங்க, இதுல யாரும் கோவப்பட மாட்டாவ.

குறைய நீங்களே சொல்லிருங்க. கடைசி ஓட்டத்துல குறிச்சது இருக்குல்ல, அத அப்படியே சொல்லுங்க. நான் அந்தத் தம்பிகிட்ட சூடானா நியூட்ரல் தேடணும், மழக் காலத்துல காலம்பற சோக் இழுக்காம எடுக்காது, பெட்ரோல் முள்ள நம்பாத, கிலோமீட்டர் பாத்து போட்டுக்கோன்னு எல்லாத்தையும் சொன்னேன், அவரு ஒரு ஐந்நூறு குறைச்சுக் கேட்டார், அதுக்கு மேல பேச்சே இல்ல. ஒளிச்சு வச்சு வித்தா ஒருவாரத்துல ஃபோன் வரும், அதுக்குப் பெறகு பேர் மாத்தக் கூப்பிட்டா வருவாரா?

இங்க முக்கியமா சொல்ல வேண்டியது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 மழைய நம்ம ஆளுங்க யாரும் மறக்க மாட்டோம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சு, தாமிரபரணி கரையில ஜங்ஷன்ல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எத்தனையோ வண்டி ரெண்டு மூணு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு. அப்ப இருந்து இந்தப் பக்கம் எந்த வண்டியப் பாக்க வந்தாலும் "வெள்ளத்துல முங்குனதா?"ன்னுதான் மொதக் கேள்வி. முங்குனதுன்னா ஆமான்னு சொல்லி, அதுக்குப் பெறகு ஆயில் எத்தனை தடவ மாத்துனீங்க, வயரிங் மாத்துனீங்களா, வீல் பேரிங் மாத்துனீங்களான்னு பில்லோட காட்டுங்க. பொய் சொல்லி வித்து, அந்தப் பையன் ராத்திரியில நாங்குநேரி ரோட்டுல வயரிங் கருகி நின்னான்னு வைங்க, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

துட்டும் சாவியும்

அட்வான்ஸ் வாங்குனா எத்தன நாளைக்குள்ள முடிக்கணும்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி எழுதி அனுப்பிருங்க. மீதி முழுசா வந்ததுக்கு அப்புறம்தான் வண்டி. மாசாமாசம் தாரேன்னு சொந்தக்காரங்க கேப்பாவ, சொந்தமும் கெட்டு வண்டியும் போன கதை நம்ம ஊர்ல நெறய உண்டு. பேங்க்ல துட்டு ஏறுன மெசேஜ் மட்டும் போதாது, ஆப்ப தெறந்து பேலன்ஸ் பாருங்க.

வண்டிய வெள்ளி, செவ்வாய் வீட்டுல இருந்து அனுப்ப மாட்டேன்னு அம்மா சொல்லுவாவ, வாங்குதவங்களும் ராகுகாலம் பாப்பாவ. ரெண்டு பக்கமும் ஒத்துவர்ற நாளா பேசி வைங்க, அந்த நாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருக்க நாளா இருக்கட்டும், ரெண்டு பேரும் சேந்தே போய் பேப்பர் குடுத்துட்டு அங்க வச்சே சாவியக் குடுக்கலாம். இதவிட நல்ல முறை எனக்குத் தெரியல.

அதுக்கு முந்துன நாள் வண்டியில கெடக்க உங்க சாமான எல்லாம் எடுத்துருங்க. சைடு பாக்ஸ்ல பழைய பெட்ரோல் பில், கோயில் கயிறு, டூல் பவுச்சுக்குள்ள சொருகுன எமர்ஜென்சி நூறு ரூவா, டேங்க் கவர்ல இருக்க அப்பா ஃபோட்டோ. டூல்ஸ மட்டும் வண்டியோட விட்டுருங்க, ரெண்டாவது சாவியும் குடுத்துருங்க, அடுத்த பங்க் வரைக்கும் போக ஒரு லிட்டராவது இருக்கட்டும். அழுக வந்தா வீட்டுல வச்சே அழுதுருங்க, அதுல ஒண்ணும் தப்பு இல்ல, ஆனா கையெழுத்துப் போடுத எடத்துல கண்ணு தெளிவா இருக்கணும்.

டெலிவரி நோட் ஒண்ணு எழுதுங்க, ரெண்டு காப்பி. வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், மீட்டர்ல ஓடிருக்க கிலோமீட்டர், வாங்குன தொகை, தேதி, முக்கியமா நேரம். அவரு ஆதார் காப்பி, லைசென்ஸ் காப்பி, ரெண்டு பேரு கையெழுத்து, ஒரு சாட்சி. வண்டியக் குடுத்த அன்னைக்கே சாயந்தரம் ஏதாவது நடந்தா எப்ப கைமாறுச்சுன்னு காட்ட இது ஒதவும். ஆனா இது பேர் மாத்தத்துக்குப் பதில் கெடையாது, அத மேலயே சொல்லிட்டேன்.

ஆர்.டி.ஓ. வேலை

ஃபாரம் 29 வண்டிய வித்தேன்னு நீங்க சொல்லுதது, ரெண்டு காப்பி. ஃபாரம் 30 ரெண்டு பேரும் சேந்து பேர் மாத்தக் கேக்குதது. பரிவாஹன்ல அப்ளிகேஷன் போட்டு கட்டணம் கட்டி, பிரிண்ட் எடுத்து ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, பென்சில்ல தேய்ச்சு எடுத்த சேசிஸ் நம்பரோட குடுக்கணும். பைக்குக்கு சர்க்கார் கட்டணம் சில நூறு ரூவாதான், மீதி எல்லாம் புரோக்கருக்குக் குடுக்குதது. புரோக்கர் வச்சாலும் அப்ளிகேஷன் நம்பர வாங்கி நீங்களே பாத்துக்கிட்டே இருங்க.

சட்டப்படி, தமிழ்நாட்டுக்குள்ளன்னா வித்த 14 நாளைக்குள்ள நீங்க தெரிவிக்கணும், வாங்குனவரு 30 நாளைக்குள்ள தெரிவிக்கணும். செங்கோட்டை தாண்டி புனலூர், கொல்லத்துல இருந்தும் வண்டி வாங்க வருவாவ, நல்ல வெலயும் குடுப்பாவ. அப்ப ஃபாரம் 28 போட்டு நம்ம ஆர்.டி.ஓ.ல என்.ஓ.சி. எடுத்துக் குடுக்கணும், அதுக்கு உங்களுக்கு 45 நாள், அங்க அவங்க வரி கட்டி கேரள நம்பர் வாங்கணும். வெளி மாநிலம்னா துட்டு கூட வருதேன்னு அவசரப்படாதீங்க, என்.ஓ.சி. கைக்கு வந்த பெறகு வண்டிய அனுப்புங்க.

இன்சூரன்ஸும் 14 நாளைக்குள்ள வாங்குனவரு பேருக்கு மாத்தணும். வருசக்கணக்கா கிளெய்ம் பண்ணாம நோ கிளெய்ம் போனஸ் சேத்து வச்சிருந்தா அது வண்டிக்குச் சொந்தம் இல்ல, உங்களுக்குச் சொந்தம். கம்பெனிக்கு எழுதி அதுக்கு லெட்டர் வாங்கி வைங்க, மூணு வருசத்துக்குள்ள அடுத்த வண்டி எடுத்தா சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்துல 50 சதவீதம் வரைக்கும் குறையும். இது தெரியாம விட்டவங்கதான் அதிகம்.

வண்டி ஓடவே ஓடாது, எடைக்குத்தான் போடணும்ங்கற நெலமையில இருந்தா பழைய இரும்புக் கடையில அப்படியே தள்ளாதீங்க. அரசு அங்கீகாரம் உள்ள ஸ்கிராப் மையத்துல குடுத்து சான்று வாங்கி, ஆர்.சி.ய கேன்சல் பண்ணுங்க. உங்க சேசிஸ் நம்பர வேற திருட்டு வண்டிக்குப் போட்டுட்டா போலீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்.

ஒரு மாசம் கழிச்சு எம்பரிவாஹன் ஆப்புல வண்டி நம்பரப் போட்டு பாருங்க, ஓனர் பேரு பாதி எழுத்து மறைச்சுத்தான் காட்டும், ஆனா உங்க பேரு இல்லங்கறது தெரியும். அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து டெலிவரி நோட்டோட சேத்து வைங்க. இன்னும் மாறலன்னா அவருக்கு ஃபோன் போடுங்க, அடுத்த வாரம் அடுத்த வாரம்னு இழுத்தா டெலிவரி நோட் காப்பி வச்சு ஆர்.டி.ஓ.வுக்கு பதிவுத் தபால்ல ஒரு கடிதம் போட்டு ரசீத பத்திரமா வைங்க, போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒரு மனு குடுத்து சி.எஸ்.ஆர். (மனு வாங்குனதுக்கான ரசீது) வாங்கிருங்க. தெரிஞ்ச ஆளுன்னா சங்கடமாத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்த ஒருநாள் பட்டுருங்க, அவருக்கும் இது நல்லதுதான், அவரு பேருல இல்லாத வண்டிக்கு ஏதாவது ஆனா இன்சூரன்ஸ்ல அவருக்கு ஒரு ரூவா கெடைக்கது கஷ்டம்னு எடுத்துச் சொல்லுங்க, பெரும்பாலும் மறுநாளே கெளம்பி வந்துருவாவ.